தோட்டத்துக்குள்ளேயே தீர்ப்பதா?

சென்ற மழைக்காலத்தில், இராகலையிலுள்ள எமது அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். பதினான்கு வயது மகளுக்கு அயல் லயத்தான் ஒருவன் இழைத்த கொடுமையைக் கண்ணீரோடு சொன்னார். எப்போது நடந்ததென வினவினோம். "மூணு மாசம் ஆச்சுங்க ஐயா. தலைவரு பேசி முடிச்சு வச்சாரு" என்றார்.

முடித்துவைத்த விதம் யாது? கோயில் முன்றலில் கூட்டம், முப்பதாயிரம் ரூபா, இனி எவரும் வாய் திறப்பதில்லையெனக் கற்பூரம் அடித்துச் சத்தியம். அவன் இன்றும் அதே லயத்தில் இருக்கிறான். பிள்ளைதான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். இதற்குச் சமாதானம் என்று பெயராம்!

மாடு மரக்கறிப் பாத்தியில் புகுந்ததா? வாய்க்கால் தண்ணீரில் தகராறா? தலைவர் தாராளமாகப் பேசித் தீர்க்கட்டும்; 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் உடலில் கைவைத்த குற்றத்தை விலைபேசும் உரிமை எந்தத் தலைவருக்கும், எந்தத் துரைக்கும் இல்லை. பதினாறு வயதுக்குக் குறைந்தவளின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அன்று. பாரதூரமான குற்றத்தைப் பணம் பெற்று மறைப்பது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தனியொரு குற்றம். சமாதானம் செய்தவர்களே கூண்டில் நிற்கவேண்டி வரலாம் என்பதைத் தலைவர்மார் அறிவார்களா?

எம்மவர் பொலிசாரை அஞ்சுவது காரணமற்றதன்று. வேலையை விட்டோடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது 1865 ஆம் ஆண்டுச் சட்டம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனின் உயிரைக் குடித்தது பொலிஸ் துப்பாக்கி. 2023 மே மாதத்தில், கொழும்பில் வீட்டுவேலை செய்த பதுளைப் பெண்ணொருவர் வெலிக்கடைப் பொலிசாரின் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். இவற்றை மறக்கச் சொல்லோம். ஆயினும் அந்த அச்சத்தின் நிழலில் சுகமாக வாழ்கிறவன் யார்? லயத்திலுள்ள கொடியவனும், பிள்ளை பிடிக்கும் தரகனுமேயன்றோ!

டயகமப் பகுதியிலிருந்து தரகர் மூலம் கொழும்புக்குப் போன பதினாறு வயதுச் சிறுமி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் தீக்காயமுற்று 2021 ஜூலையில் மாண்டாள். மலையகமெங்கும் மக்கள் வீதியில் திரண்டனர். நாமும் திரண்டோம். சடலம் வந்தபின் திரண்டோம்! வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதைப் பதினாறாக உயர்த்திய சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. எனினும் தரகன் பட்டப்பகலில்தான் வருகிறான். வீட்டு முகவரியைச் சொல்ல அவன் மறுக்கும்போதே, வாரந்தோறும் பேசிய பிள்ளையின் தொலைபேசி ஓய்ந்துபோகும்போதே பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். நிச்சயமாகத் தெரியவில்லையே என்று தயங்காதீர். நிச்சயப்படுத்துவது பொலிசாரின் வேலை. சந்தேகத்தைச் சொல்வதே உமது வேலை. 1929 என்னும் இலக்கம் சிறுவருக்கானது. 119 பொலிசாருடைய அவசர இலக்கம்.

உடலிற்பட்ட குற்றமாயின் அன்றே செல்க. குளிப்பாட்டாதீர்; உடுப்பைத் துவைக்காதீர். வைத்தியர் காணக்கூடிய தடயம் சில நாளில் அழிந்துவிடும். தலைவரின் பேச்சுவார்த்தையோ வாரக்கணக்கில் நீளும்.

நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்பர். விளங்காத தாளில் கைவைக்காதீர். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, முறைப்பாடு சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்கிறது. உத்தியோகத்தருக்கு இயலாவிடின் நீரே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அதுவும் இயலாவிடின், காரணத்தைக் குறித்துக்கொண்டு அவர் தேசிய மொழியொன்றில் எழுதி, உமக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். இது சலுகையன்று, சட்டம். ஏற்க மறுத்தால், மறுத்தவரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் எழுதுக. நீதவானிடம் நேரே முறையிடவும் வழியுண்டு. மலையக வாக்கில் மந்திரியானவர்கள் இத்தனை பேர் இருந்தும், தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தரை நிலையந்தோறும் இருத்த இயலாமற் போனதேன்? தேர்தல் மேடையில் இக்கேள்வியைக் கேளுங்கள்.

அன்று பிற்பகலே அத்தகப்பனாரோடு பொலிஸ் நிலையம் சென்றோம். உத்தியோகத்தர் முதலிற் கேட்டது, "மூன்று மாதமாக எங்கே போயிருந்தாய்?" என்பதே. அவர் தலை குனிந்து நின்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய தலைவரோ, அந்நேரம் தோட்டத்தில் வேறொரு பஞ்சாயத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார்.