டீசலா, கேஸா?

பழைய குட்டியானையைக் கொடுத்துட்டு வேற வண்டி எடுக்கணும். சென்னையில இருக்கிற மருமவன் போன்ல, "மாமா, கேஸ் வண்டி எடுங்க, கிலோமீட்டருக்குச் செலவு கம்மி"ன்னான். அவன் கணக்கு தப்பில்ல. ஆலங்குளம், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுன்னு சமதளத்துல ஓட்டுறவனுக்கு அதுதான் லாபம்.

எனக்கு அப்படி இல்ல. இங்க விலை படுத்துச்சுன்னா தக்காளியை ஏத்திக்கிட்டு செங்கோட்டை, புளியரை தாண்டி புனலூர் போயாகணும். 25 கிலோ பெட்டி 40 ஏத்தினாலே ஒரு டன். மலை வளைவுல முன்னால ஒரு லாரி ஊர்ந்துச்சுன்னா, நாமளும் நின்னு நின்னுதான் எடுக்கணும். அந்த இடத்துல குறைஞ்ச சுத்துலயே இழுக்கிறது டீசல் இன்ஜின்தான். சி.என்.ஜி.ல இழுவை குறையும். வீட்டு சமையல் கேஸ் மாதிரி இல்ல இது. 200 பார் அழுத்தத்துல அடைக்கிற சிலிண்டர், அதோட கனத்தையும் வண்டிதான் சுமக்கணும்.

போன பங்குனியில பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கேஸ் பங்க் வரிசையில நின்னு, ஏலம் முடிஞ்சப்புறம் மார்க்கெட் போய்ச் சேர்ந்தாரு. பாதி விலைக்குத் தள்ளிட்டு வந்தாரு. கேஸ்ல மிச்சம் பிடிச்சது அன்னைக்கு ஒரு நாள்ல போச்சு.

டீசல்லயும் தொந்தரவு உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலதுல புகைக்கரி வடிகட்டி இருக்கு. கிட்டத்துலயே ஓட்டினா அடைச்சுக்கும். மாசம் ரெண்டு நடை மலை ஏறினா அதுவும் சரியாயிடும். மருமவன்கிட்ட டீசல்னு சொல்லிட்டேன். "பெட்ரோலும் கேஸும் சேர்ந்த வண்டி இருக்கே மாமா"ன்னு இன்னும் விடமாட்டேங்கான்.