விக்கல் மன்னர்கள்

போன மாதம் 28-ம் தேதி (மாதக் கடைசி என்பதைக் கவனிக்கவும்!) ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த நண்பன் ஒரு சி.டி. கொண்டுவந்து கொடுத்தான். சும்மா இல்லை. 1,600 ரூபாய். அதை எண்ணிக் கொடுக்கும்போது என் மனைவி பார்த்துவிட்டாள்.

"யார் பாடினது?"

"பத்துப் பதினைஞ்சு பேர்" என்றேன். அட்டையிலிருந்து நாலைந்து பெயர்களையும் படித்துக் காட்டினேன்.

"ஒருத்தரையும் கேள்விப்பட்டதே இல்லையே?"

"அதானே விசேஷமே!"

"கேள்விப்பட்டவங்க பாட்டெல்லாம் போன்ல ஓசில வருது. கேள்விப்படாதவங்களுக்கு 1,600 ரூபாயாங்க?"

நான் பி.காம். அப்படியும் இதற்கு டெபிட், கிரெடிட் போட்டு ஒரு பதில் சொல்ல வரவில்லை. திருதிருவென்று விழித்தேன். அவளிடம் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்த சி.டி.யில் இருப்பது 'ராக்கபில்லி'. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பர்களின் புளூஸும் வெள்ளைக்கார கிராமத்துப் பாட்டும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை. பிறந்த ஊர் மெம்ஃபிஸ். ஜாதகம் வேண்டுமென்றால் 1954, ஜூலை 5. யூனியன் அவென்யூ 706-ம் நம்பரில் சாம் ஃபிலிப்ஸ் என்பவர் நடத்திய குட்டி ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயதுப் பையன் பாடினான். கூட ஒரு கிதார், ஆளுயர டபுள் பாஸ். டிரம்ஸ் கிடையாது. பாஸ்காரர் தந்தியை இழுத்து விட்டால் அது கட்டையில் 'டப்'பென்று அறையும். டிரம்ஸ் இல்லாத குறை தீர்ந்தது! பாடின குரலை இன்னொரு டேப் மெஷினில் விட்டு, இம்மியளவு தாமதமாகத் திரும்ப எடுத்துச் சேர்த்தார் ஃபிலிப்ஸ். கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஒரு எதிரொலி. அவ்வளவுதான் சரக்கு.

இதே பையன் அதற்கு முந்தின வருஷம் இதே ஸ்டுடியோவில் கைக்காசு 3.98 டாலர் கொடுத்து ஆசைக்கு ஒரு ரெகார்டு போட்டுக்கொண்டான். 2015-ல் அந்த ஒற்றைத் தட்டு 3,00,000 டாலருக்கு ஏலம் போனது. அது ஜெயித்தவன் கதை. அதற்கு நான் 1,600 ரூபாய் கொடுக்க மாட்டேன்.

எல்விஸைப் பார்த்து தென்பகுதி ஊர்களிலெல்லாம் பையன்கள் கிதாரைத் தூக்கினார்கள். பகலில் பஞ்சாலை, பெட்ரோல் பங்க். ராத்திரி பாட்டு. உள்ளூர் கம்பெனியில் ஒரு ரெகார்டு. சில நூறு காப்பி. அதைக் காரில் போட்டுக்கொண்டு ரேடியோ ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்குவார்கள். விற்காது. 1960 வாக்கில் ஃபேஷனும் போயே போச்சு. பழையபடி பெட்ரோல் பங்க்.

பில்லி லீ ரைலி என்று ஒருவர். 1957-ல் பறக்கும் தட்டைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். தன் கோஷ்டிக்கு 'பச்சைக் குள்ளர்கள்' என்ற அர்த்தத்தில் பெயர் வேறு! அந்தப் பாட்டுக்குக் கூலிக்கு பியானோ வாசிக்க வந்தவர் ஜெர்ரி லீ லூயிஸ். அதே வருஷம் ரைலியின் 'ரெட் ஹாட்' சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, கம்பெனியின் பணத்தையும் கவனத்தையும் ஃபிலிப்ஸ் முழுசாக லூயிஸின் புதுப்பாட்டுக்குத் திருப்பிவிட்டார். நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த ஜூனியர் உங்களுக்கே மேனேஜராக வந்தால் எப்படி இருக்கும்? ரைலி குடித்துவிட்டு வந்து ஸ்டுடியோவை துவம்சம் செய்தார். ஃபிலிப்ஸ் விடிய விடியப் பேசியே சமாதானம் செய்து அனுப்பினார். (எல்லா முதலாளிக்கும் இந்த வித்தை தெரியும்.) கடைசியில் ரைலி ஊருக்குப் போய்க் கட்டட வேலை கான்ட்ராக்ட் எடுத்தார்.

இந்த மாதிரி ஆசாமிகளைத் தேடித்தான் 1970-களில் ஐரோப்பாவிலிருந்து சில பைத்தியங்கள் கிளம்பின. ஹாலந்தில் கேஸ் க்ளாப் என்பவர், ஜெர்மனியில் 'பேர் ஃபேமிலி' கம்பெனி, லண்டனில் 'ஏஸ்'. பழைய கோடவுன், மூடின கடை, பாடினவரின் வீட்டுப் பரண் என்று ஒன்று விடவில்லை. ஒரிஜினல் டேப் தொலைந்திருந்தால், கிடைத்த தட்டிலிருந்தே காப்பி. கரகரவென்று ஊசிச் சத்தம் இலவசம்! அப்படிச் சேர்த்ததையெல்லாம் தொகுப்பாகப் போட்டு, ஒவ்வொரு ஆளும் யார், எந்த ஊர், அப்புறம் என்ன ஆனார் என்று பொடி எழுத்தில் ஒரு குட்டிப் புத்தகமும் வைத்தார்கள். நான் காசு கொடுப்பது அந்தப் பொடி எழுத்துக்கும் சேர்த்துத்தான்.

ஏன் என்று கேட்டால்... சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சி.ஏ. இன்டர் நாலு தடவை எழுதினவன். நாலாவது தடவை ஒரு பேப்பரில் 38. பாஸ் மார்க் 40. அப்பா மட்டும் கல்யாண வீடுகளில் "பையன் சி.ஏ. பண்றான்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்த அந்த வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் அக்கவுன்டன்ஸியில் ஓர் அயிட்டம் உண்டு. 'பேட் டெட்ஸ் ரெகவர்டு'. வரவே வராது என்று எழுதித் தள்ளிய கடன் என்றைக்காவது ஒருநாள் வந்துவிட்டால், அதை லாபத்தில் வரவு வைக்க வேண்டும். இந்தத் தொகுப்புகள் அதுதான். ரைலியின் பாட்டுகளை 1977-ல் வேறொருவர் எடுத்துப் பாட, அவரை மறுபடி மேடைக்கு அழைத்தார்கள். 2009-ல் காலமானார். 2015-ல் பாப் டிலன் ஒரு விருது மேடையில் தன்னைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் ரைலியைப் புகழ்ந்து தள்ளினார். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து ரெகவரி!

அன்று ராத்திரி அந்த சி.டி.யைப் போட்டேன். முதல் பாட்டே சார்லி ஃபெதர்ஸ். எல்விஸுக்கு நம்பர் ஒன்னாகப் போன பாட்டு ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியவர். சொந்த ரெகார்டுகள் விற்கவில்லை. 1998-ல் போய்ச் சேர்ந்தார். 2003-ல் 'கில் பில்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. வார்த்தைக்கு வார்த்தை விக்கி விக்கிப் பாடுவதுதான் அவர் ஸ்டைல்.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாவம், யாராவது அவருக்குத் தண்ணி குடுங்களேன்."

நான் பேசாமல் வால்யூமைக் குறைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அந்த விக்கல்காரரைப் போடுங்களேன். கிரைண்டர் சத்தத்துக்கு நல்லா இருக்கும்."

1,600 ரூபாயையும் வரவில் எழுதிவிட்டேன்.