வாட்ச்மேன் தூங்கினால் குற்றம் யாருடையது?

ராத்திரி 2 மணி. அபார்ட்மெண்ட் கேட்டு மூடிக் கிடக்கிறது. வெளியே கார் ஹாரன் அலறுகிறது. உள்ளே வாட்ச்மேன் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார்!

"இந்த ஆளுக்கு எதுக்குய்யா சம்பளம்? நாளைக்கே ஆளை மாத்து!" என்று சத்தம் போடுகிறார் காரில் வந்தவர்.

ஆள் மாறுவார். தூக்கம் மாறுமா? மாறாது. ஏன்? கணக்குப் போட்டால் தெரியும்.

மூன்றரை ஆள்

ஒரு கேட்டுக்கு இரவு பகல் காவல் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 8 மணி வேலை, வாரம் ஒரு நாள் லீவு என்று வைத்தால், ஒருவர் பார்ப்பது 48 மணி. ஆக, மூன்றரை ஆள் வேண்டும்.

பல இடங்களில் இருப்பதோ இரண்டே பேர்! பகல் 12 மணி ஒருத்தர், ராத்திரி 12 மணி ஒருத்தர். லீவு கிடையாது. ஆளுக்கு வாரம் 84 மணி நேரம். மாற்று ஆள் வராத அன்று விடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

இதைத் தூக்கம் என்பதா, நிர்வாகக் கோளாறு என்பதா?

சட்டம் சொல்வது

தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லைசென்சு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

காவலாளிக்கு வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி பயிற்சி வேண்டும் என்கிறது மத்திய அரசின் மாதிரி விதி. 15 பேருக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் பார்க்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

ஆனால் காண்டிராக்டு யாருக்குப் போகிறது? எவர் ரேட்டு குறைவோ அவருக்கு! குறைத்த பணத்தை நிறுவனம் எங்கே பிடிக்கும்? ஆளில், பயிற்சியில், சம்பளத்தில்தான்.

எத்தனை எஜமான்?

பிரான்சு நாட்டு நிர்வாக நிபுணர் ஹென்றி பயோல் 1916-லேயே 14 நிர்வாக விதிகளை எழுதினார். அதில் ஒன்று: ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரிதான் உத்தரவு போட வேண்டும்.

நம் வாட்ச்மேனுக்கு? சூப்பர்வைசர் ஒன்று சொல்வார். சங்கச் செயலாளர் வேறு சொல்வார். மாடி வீட்டு அம்மா "மோட்டார் போடுப்பா" என்பார். மோட்டார் போடப் போன நேரத்தில் கேட்டைப் பார்ப்பது யார்?

கேட்க வேண்டியது

கடைக்காரர்களே, குடியிருப்போர் சங்கத்தாரே! அடுத்த தடவை ரேட்டை மட்டும் கேட்காதீர்கள். லைசென்சைக் கேளுங்கள். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, பயிற்சிச் சான்று கேளுங்கள். கேட்டுக்கு எத்தனை ஆள், லீவுக்கு மாற்று யார், சம்பளம் எந்தத் தேதியில் ஆள் கைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

மூன்றரை ஆள் வேலைக்கு இரண்டு ஆள் சம்பளம் கொடுத்தால், குறைகிற அந்த ஒன்றரை ஆள்தான் ராத்திரி நாற்காலியில் தூங்குகிறது!