காப்பியை உண்ணும் நுண்ணுயிர்

காலையில் ஒரு குவளை காப்பி உள்ளே செல்லாவிடில் நம்மவருக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றுவதில்லை. அவ்வூக்கத்தைத் தருவது கஃபீன் என்னும் பொருள். காப்பிச் செடி அதனை நமக்காக ஆக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைத் தடுக்கவே ஆக்குகின்றது. நமக்கு இன்பமாவது பூச்சிக்கு நஞ்சு.

அங்ஙனமாயின், ஆண்டுதோறும் காப்பித் தோட்டங்களில் உதிரும் இலையும் கனியும் மண்ணையே நஞ்சாக்கிவிடாவோ? இதற்கான விடையை நம் மைசூரிலேயே காணலாம். இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பெற்ற செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. காப்பித் தோட்ட மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்று கஃபீனையே உணவாகக் கொண்டு வாழ்வதை இந்நிலையத்தார் 2005-இல் வெளியிட்டனர்.

அவ்வுயிர் சூடோமோனாஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. 1894-இல் ஜெர்மானிய அறிஞர் மிகுலா இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். இவை கோல் வடிவின. வால் போன்ற இழையால் நீந்துவன. மண்ணிலும் நீரிலும் எங்கும் வாழ்வன. கஃபீன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 8 கரியணுக்களும் 4 நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்துத் தம் உடலை வளர்த்துக்கொள்ளும் திறன் இவற்றுள் சிலவற்றுக்கு உண்டு. பூச்சிக்கு நஞ்சு, இவற்றுக்கு அன்னம்!

இந்த ஆராய்ச்சியால் விளையும் பயனும் பெரிது. காப்பிப் பழத்தின் சதையில் கஃபீன் இருப்பதால் அதனை மாட்டுத் தீவனமாக மிகுதியாகக் கொடுத்தல் ஆகாது. கஃபீனை நீக்கிவிட்டால் கழிவும் பொருளாகும்.

இப்பேரினத்தில் எண்ணெய்க் கறையைச் சிதைப்பன உண்டு. வேரைச் சூழ்ந்து நின்று பயிரின் நோய்ப் பூஞ்சைகளை அடக்குவனவும் உண்டு. ஊரில் நம் உழவர் விதையோடு சூடோமோனாஸ் தூளைக் கலப்பது இதன் பொருட்டே. ஆனால் எல்லாம் நல்லன என்று மயங்கலாகாது. தீப்புண்ணில் புகுந்து பல மருந்துக்கும் அடங்காது வருத்தும் வகையும் இவ்வினத்திலேயே இருக்கின்றது.

கழிவை உண்ண ஆளிருக்க நமக்கென்ன கவலை என எண்ணுவோரும் உளர். அது பிழை. காப்பிப் பழம் கழுவிய நீரை ஓடையில் விட்டால், அதிலுள்ள இனிப்பை உண்டு நுண்ணுயிர்கள் அளவின்றிப் பெருகும். நீரில் கரைந்துள்ள உயிர்வளியை எல்லாம் தாமே குடித்துவிடும். மீன்கள் மூச்சின்றி மடியும். விருந்தாளியின் வயிறு அறிந்து பரிமாறவேண்டும் அல்லவா? நுண்ணுயிர்க்கும் அம்முறையே பொருந்தும்.

காப்பி விளையும் குடகிலேதான் காவிரியும் பிறக்கின்றாள். மைசூரில் நாம் பருகுவதும், ஊரில் நம் உற்றார் வயலுக்குப் பாய்ச்சுவதும் அவள் நீரே. இந்நகரத்துச் சாக்கடை நீரும் முடிவில் காவிரி, கபினி ஆறுகளின் பக்கமே வடிகின்றது. கபினியும் திருமகூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கின்றது. இங்கே நாம் கொட்டுவது, அங்கே அவர்கள் வாசலுக்குச் செல்லும் வழியில்தான் இருக்கின்றது.

ஆகவே இல்லத்தரசிகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. டிகாக்ஷன் இறக்கிய பின் எஞ்சும் சக்கையைச் சாக்கடையில் கொட்டற்க. காய்ந்த இலையோடும் காய்கறித் தோலோடும் சேர்த்துத் தோட்டத்து மூலையில் மட்கவிடுக. மட்கிய பின் செடிக்கு இடுக. உண்ண வேண்டியவை அங்கே காத்திருக்கின்றன.