சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், டயரின் தேதியைப் பார்த்தோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் குழுவில் இருப்பவர்கள், பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், இரண்டு தரப்புக்கும் கோபம் வரலாம். முழுசாப் படிச்சிட்டு கோபப்படுங்க.

போன மாதம் திருவிழாவுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்த நம்ம கோயில் பிக்கப்பின் பின் இடது டயர், செமிலிங் தாண்டி மெர்போக் வரும் வழியில் வெடித்தது. டயரின் மேல்தோல் அப்படியே உரிந்து மட்கார்டைக் கிழித்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி சாலை ஓரப் புல்லில் நின்றது. டாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பையன்களில் ஒருவன் கீழே விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிவு. வயது 16. மருத்துவமனையில் அவன் அம்மா எங்களைத் திட்டவில்லை. "கோயில் வண்டின்னுதானே அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் காரணங்கள் வரிசையாக வந்தன. கண்ணு பட்டுடுச்சு. ரோடு சரியில்லை. டிரைவர் வேகமா வந்திருப்பான். இப்ப வர்ற டயரெல்லாம் மட்டம். ஒருவர்கூட "அது எந்த வருஷத்து டயர்?" என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதுதான் உண்மை. மறுநாள் ரிம்மைக் கழற்றிக் கழுவியபோதுதான் பார்த்தோம். 2212. அதாவது 2012-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். நாங்கள் அதை வாங்கியது போன வருடம்தான். "செகண்ட் டயர், ஜப்பான் சாமான், பூ இன்னும் நிறைய இருக்கு" என்று கடையில் சொன்னார்கள். பூ நிறையத்தான் இருந்தது. அந்தப் பூவோடு சேர்ந்துதான் தோல் உரிந்தது.

அந்த நாலு எண் ஏன் முன்னமே கண்ணில் படவில்லை? பல டயர்களில் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால், வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால்தான் தெரியும். கடைக்காரர் தெரிந்து செய்தாரா, கை போன போக்கில் செய்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே டயருக்குச் சந்தனம் வைத்தோம், குங்குமம் வைத்தோம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். குனிந்ததே குனிந்தோம், இன்னும் அரை அடி குனிந்து பார்த்திருக்கலாம்.

"ஓடாத டயர் எப்படிங்க கெட்டுப்போகும்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நம்ம ஊர் ஆள் இதைக் கேட்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நாம். பீடோங், சுங்கைப் பட்டாணி தோட்டங்களில் நம்ம பாட்டி தாத்தா கட்டிப்பால் பொறுக்கியவர்கள். ரப்பரைப் பற்றி நமக்கு யாரோ வந்து பாடம் எடுக்கணுமா? அலமாரிக்குள் கிடக்கும் பழைய ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்கள், படக்கென்று அறுந்துவிடும். அது எத்தனை மைல் ஓடியது? வெயிலும் காற்றும் சூடும் போதும், ரப்பர் இறுகி வெடிப்பு விடும். வெளியே மயிரிழை மாதிரி கோடு தெரியும். உள்ளே கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் இருக்கிற பிடிப்பு தளர்வது வெளியே தெரியவே தெரியாது. அதனால்தான், ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கணும், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றணும் என்று பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஆறு வருடத்தோடு மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு.

இரண்டாவது தப்பு வயதைவிடப் பெரியது. எங்கள் பிக்கப்புக்கு வேண்டிய டயர் 205/70ஆர்15சி. கடைசியில் இருக்கும் அந்த 'சி' எழுத்து, சுமை வண்டிக்கானது என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் 106/104 என்று போட்டிருக்கும். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். எங்களுக்கு மாட்டிக்கொடுத்தது அதே அளவு, அதே அகலம், ஆனால் 'சி' இல்லாத டயர். அதில் 96 என்று இருந்தது. ஒரு டயருக்கு 710 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1900 கிலோ தாங்க வேண்டிய இடத்தில் 1420 கிலோதான்.

இப்போது நாங்கள் ஏற்றியதைப் பாருங்கள். வெள்ளை டாங்கியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர், அது ஆயிரம் கிலோ. டாங்கியும் இரும்புக் கூண்டும் அறுபது கிலோ. வெறும் பிக்கப்பிலேயே பின் அச்சில் அறுநூறு கிலோவுக்குக் குறையாது. மூன்று பையன்கள். எப்படிச் சுருக்கிப் போட்டாலும் 1800 தாண்டுது. தண்ணீர் பார்க்க லேசாத் தெரியும், சிமெண்டு மூட்டை மாதிரி பயமுறுத்தாது. இருபது மூட்டை சிமெண்டை அந்த வண்டியில் ஏற்றச் சொல்லியிருந்தால் நாங்களே வேண்டாம் என்றிருப்போம். தண்ணீர் என்றதும் பையன்களையும் மேலே உட்கார வைத்தோம், டாங்கியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பின்னால் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தப்பு. அந்தத் தப்பு கடைக்காரருடையது இல்லை, எங்களுடையது.

காற்றும் குறைவு. பெட்ரோல் நிலையத்தில் காருக்கு அடிக்கிற மாதிரி 200 வைத்து அடித்துவிட்டு வருவோம். பாரம் ஏற்றினால் எவ்வளவு வேணும் என்று டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கு. எங்கள் வண்டியில் அந்த ஸ்டிக்கர் மேல் சாமி படம் ஒட்டியிருக்கு.

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடேறும், தோல் பிரியும். இதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. அந்த வண்டியே ரேஞ்சர் பிக்கப்பின் அடிச்சட்டத்தை வைத்து உருவானதுதான். ஓடும்போதே தோல் உரிந்து வண்டி உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபோர்டு 26 பிஎஸ்ஐ காற்று போதும் என்று சொல்லியிருந்தது, டயர் கம்பெனி அதைக் கைகாட்டியது. ஃபோர்டோ டயரே சரியில்லை என்றது. இதில் நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் திரும்பப் பெறுவதற்கு முன்பே வளைகுடா நாடுகளிலும், பிறகு மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஃபோர்டு டயர்களை மாற்றிக்கொடுக்க ஆரம்பித்திருந்தது. எல்லாம் சூடான நாடுகள். நம்ம வெயில் அன்றைக்கே எச்சரிக்கை கொடுத்திருக்கு.

அங்கே அது வெளியே வந்தது எப்படி? வண்டிக்காரர்களின் புகார்கள் எந்த டயர், எந்த வண்டி என்று ஒரு இடத்தில் குவிந்ததால். நம்ம ஊரில் புகாருக்கா பஞ்சம்? தஞ்சோங் டாவாயில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். ஸ்டியரிங் ஆடுது. உள்பக்கம் மட்டும் தேயுது. வாரா வாரம் காத்து இறங்குது. எல்லாம் நிஜமான குறைதான். பத்துப் பதினைந்து வருட பிக்கப்பில் பால் ஜாயிண்ட் ஆடினால் உள் ஓரம் தேயும், அப்சோபர் செத்துவிட்டால் டயர் மேடு பள்ளமாகத் தேயும். நம்ம இடம் கடலோரம், மீன் ஏற்றும் வண்டிகள் அதிகம். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டி, டயர் உட்காருகிற ரிம் விளிம்பே துருப்பிடித்துவிடும். எத்தனை பஞ்சர் ஒட்டினாலும் காத்து நிற்காது. ஸ்பேர் டயரோ பின்னால் அடியில் சங்கிலியில் தொங்குது. அந்த உப்புத் தண்ணீர் முழுதும் அதன் தலையில்தான். எங்கள் ஸ்பேரை அன்று இறக்கவே முடியவில்லை, சங்கிலி இறுகிப் போயிருந்தது. மீன் லோரிக்கார அண்ணன் ஒருவர் இரும்புக் கம்பியால் அடித்து அடித்து இறக்கினார். இறக்கினால் அதுவும் வெடிப்பு விட்ட டயர். ஆனால் இத்தனை புகாரிலும் ஒரு எண் கிடையாது. டயரில் எத்தனை போட்டிருந்தது, என்றைக்கு மாட்டியது, எவ்வளவு காத்து? தெரியாது. எண் இல்லாத புகாரை எந்தக் கடையும் மதிக்காது.

இலாகா பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. சொந்த உபயோகத்துக்குப் பதிந்த பிக்கப்பைப் பெயர் மாற்றும்போதுதான் சோதனைக்குக் கொண்டுபோகிறோம். ஒரே ஆள் கையில் பதினைந்து வருடம் இருந்தால் பதினைந்து வருடமும் டயரைப் பார்க்க ஆளில்லை.

காசு இல்லை என்ற பேச்சு வரும், தெரியும். மீன்பிடிக் குடும்பங்களுக்கும் தோட்டத்து வேலைக்காரர்களுக்கும் நாலு புது டயர் பெரிய செலவுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பின் இரண்டை மட்டுமாவது சரியான டயராகப் போடுங்கள் என்று கெஞ்சித்தான் கேட்கிறோம். ஆனால் கோயில் கணக்கில் அந்தப் பேச்சை ஏற்க மாட்டோம். அதே திருவிழாவில் வாணவேடிக்கைக்குச் செலவழித்த பணத்தில் நாலு புது டயர் வந்திருக்கும், மீதியும் இருந்திருக்கும். ரசீது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "டயருக்கு யாருங்க உபயம் கொடுப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். வாணவேடிக்கைக்குக் கொடுக்கிறவர் டயருக்குக் கொடுக்க மாட்டார் என்று நாம்தான் முடிவு செய்துகொண்டோம். கேட்டுப் பார்த்தோமா?

இப்போது கேட்கிறோம். பின் டயர் இரண்டுக்கு உபயம் தேவை, 'சி' போட்டது, புதுசு. அதுவரை வண்டி கோயில் வாசலை விட்டு நகராது, தண்ணீர் வேண்டுமென்றால் வாடகை லோரி. இனிமேல் பின்னால் ஆள் ஏறினால் சாவியைப் பிடுங்கி வைப்போம், தலைவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் திடலுக்கு உங்கள் பிக்கப்பைக் கொண்டு வாருங்கள். டார்ச்சும் பாயும் நாங்கள் வைத்திருப்போம். அடியில் படுத்துத் தேதி பார்த்து, எழுதிக் கொடுக்கிறோம், ஸ்பேரையும் இறக்கிப் பார்க்கிறோம்.

புது டயர் மாட்டியதும் படம் போடுகிறோம். தேதி தெரிகிற பக்கம் வெளியே.