ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை

காலை ஆறு மணிக்கு சித்தப்பா போன். "டேய், ஒண்ணுக்கு ரத்தமாப் போகுதுடா."

ரத்தம் இல்லை. காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் செய்யும் வேலை. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். மாத்திரை கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பயம் போனதும் மனக்குறை வந்தது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அதே அட்டை. எடைக்குத் தக்கபடி எண்ணிக்கை மட்டும் மாறுகிறதாம். "ரேஷன் அரிசியாடா இது? என் உடம்பைப் பார்த்து எழுத மாட்டாங்களா?"

பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். சளியைச் சோதித்து, ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி அடங்குமா என்று தெரிந்துகொண்டுதான் அட்டை கொடுத்தார்கள். அட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் அந்த ரேஷனுக்குப் பின்னால் நம்ம சென்னையின் கதையும் இருக்கிறது. காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, முட்டை, பால், படுக்கை என்றிருந்த காலம். அத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டுக்கு. மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றே: ஐசோனியாசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு மருந்துகள், ஒரு வருடம்.

1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். அதைவிட எனக்கு வியப்பு, கூடப் படுத்த பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பது. எந்தப் பெரிய டாக்டரும் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது. அனுபவம் அதுவரை நேர்மாறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சித்தப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி சரி" என்றார். மூன்றாம் மாதம் இருமல் நின்றது. எடை ஏறியது. "போதும்டா, எனக்குச் சரியாப் போச்சு" என்றார். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய கணக்கில் சறுக்கும் இடம் இதுதான். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி திரும்ப வரும், சில சமயம் மருந்துக்கு மசியாததாக.

நான் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. சித்தி பேசவே இல்லை. அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். காலையில் மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைப்பாள். முழுங்கி, வாயைத் திறந்து காட்டி, அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி டம்ளர் நகரும்.