வாயைக் கட்டினா மட்டும் போதுமா?

போன மாசம் ஆபீஸ்ல வருஷாந்திர மெடிக்கல் செக்கப். ரிசல்ட் வந்த அன்னிக்கு எங்க டீம்ல ஒருத்தர் முகத்துலயும் ஈயாடலை. பெரும்பாலும் முப்பது கூட ஆகாத பசங்க. ஒருத்தனுக்கு பிரஷர், இன்னொருத்தனுக்கு கொலஸ்ட்ரால், எனக்கு "சர்க்கரை பார்டர்ல நிக்குது தம்பி" என்றார் டாக்டர். ராத்திரி ஊருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மாவோட பதில் ரெண்டே வார்த்தை: "வாயைக் கட்டுடா."

அம்மா சொன்னதுல தப்பே இல்லை. மறுநாளே காபில சர்க்கரையை நிறுத்தியாச்சு. ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. சர்க்கரை, மாரடைப்பு, புற்றுநோய்... இதெல்லாம் அவனவன் வாயைக் கட்டாததால மட்டும் வர்ற வியாதியா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல மட்டும் தொற்றாத நோய்களால செத்தவங்க குறைஞ்சது 4 கோடியே 30 லட்சம் பேர். அதுல 1 கோடியே 80 லட்சம் பேர் எழுபது வயசைத் தொடாதவங்க. அத்தனை பேருக்கும் நாக்கு நீளம்னு சொல்லிட்டுப் போயிடலாமா?

"தொற்றாத நோய்"ங்கற பேர்லயே ஒரு சின்ன ஏமாத்து இருக்கு. கிருமிதான் தொத்தாது. சரக்கு தொத்தும். கப்பலேறி, கன்டெய்னர்ல, விளம்பரத்தோட வரும். சரி, ஒரு நாடு "இந்தச் சரக்கு எங்களுக்கு வேண்டாம்"னு சொன்னா என்ன ஆகும்? ரெண்டு குட்டி நாடுகளோட கதையைச் சொல்றேன்.

கதை 1: வான்கோழி வால்

சமோவா பசிபிக் கடல்ல ஒரு தீவு நாடு. மக்கள் தொகை சுமார் 2 லட்சம், அதாவது நம்ம ஊர்ல ஒரு நடுத்தர டவுன் அளவு. மீன், கிழங்கு, தேங்காய்னு சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஜனங்க. அங்கே அமெரிக்காவுல இருந்து வான்கோழி வால் வந்து இறங்குச்சு. வால்னா இறகு இல்லீங்க, வாலிறகு முளைக்கிற இடத்துல இருக்கிற கொழுப்புத் துண்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் அதைத் தின்பதில்லை. ஒதுக்கின துண்டு இங்கே மலிவு விலைக் கறி. ஏற்கனவே உடல் பருமனும் சர்க்கரை நோயும் தலைவிரிச்சு ஆடுற நாடு அது.

2007ல சமோவா வான்கோழி வால் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதே சமயம் உலக வர்த்தக அமைப்புல சேரவும் பேச்சுவார்த்தை நடத்திக்கிட்டு இருந்தது. அங்கே வந்தது வினை. உள்ளே வரணும்னா தடையை எடுக்கணும். பதிலுக்கு ரெண்டு வருஷத்துக்கு 300% இறக்குமதி வரி போட்டுக்கலாம், அப்புறம் அது 100% ஆகும், அதுக்குள்ள கொழுப்பைக் குறைக்க வேற என்ன வழின்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்துக்கோங்கன்னு முடிஞ்சது. 2012 மே மாசம் சமோவா உறுப்பினர் ஆச்சு. வாலும் திரும்பி வந்துச்சு.

நியாயமாப் பார்த்தா அந்தப் பக்கமும் ஒரு வாதம் உண்டு. கொழுப்புக் கறி எத்தனையோ இருக்க, இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் தடை? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா நிரூபிக்கிற பாரம் யார் தலையில விழுந்ததுன்னு கவனிங்க. விக்கிறவன் தலையில இல்லை. 2 லட்சம் பேர் இருக்கிற நாட்டோட தலையில.

கதை 2: டாக்டர் ஜனாதிபதி

உருகுவே தென் அமெரிக்காவுல இருக்கு. மக்கள் தொகை சுமார் 34 லட்சம். 2005ல ஜனாதிபதியான தபாரே வாஸ்கேஸ் தொழில்ல புற்றுநோய் டாக்டர். சும்மா இருப்பாரா? 2006ல பொது இடங்களுக்குள்ள புகை பிடிக்கத் தடை வந்தது. அடுத்து ரெண்டு விதி. ஒண்ணு, ஒரு பிராண்டுக்கு ஒரே வகைதான். சிவப்பு, தங்கம், நீலம்னு கலர் மாத்தி "இது லைட்டு, உடம்புக்கு அவ்வளவா கெடுதல் இல்லை"ங்கற மாதிரி ஏமாத்தக் கூடாது. ரெண்டு, பெட்டியில 80% இடத்துல எச்சரிக்கைப் படம்.

2010 பிப்ரவரில ஃபிலிப் மோரிஸ் வழக்கு போட்டது. அமெரிக்க கம்பெனிதானே? ஆனா வழக்கு போட்டது அதோட ஸ்விஸ் கிளைகள் வழியா. 1988ல ஸ்விட்சர்லாந்தும் உருகுவேயும் போட்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு, உலக வங்கிக் குழுமத்தோட தகராறுத் தீர்ப்பு மையத்துக்குப் போனாங்க. கேட்ட நஷ்ட ஈடு சுமார் 2.2 கோடி டாலர். வரியும் சேர்த்துப் பார்த்தா அந்தக் கம்பெனியோட வருஷ விற்பனை அப்போ உருகுவேயோட மொத்த உள்நாட்டு உற்பத்தியை விட அதிகம். யானை பூனைக்கு நோட்டீஸ் விட்ட கதை!

பூனை பயந்துச்சா? கொஞ்சம் பயந்துச்சு. விதிகளைத் தளர்த்திரலாமான்னு அரசாங்கத்துக்குள்ளேயே பேச்சு அடிபட்டது. மைக்கேல் புளூம்பெர்க்கோட அறக்கட்டளை வழக்குச் செலவுக்குக் கை கொடுத்தது. 2010 நவம்பர்ல புகையிலை உடன்படிக்கை நாடுகளோட மாநாடு உருகுவேயிலேயே புன்டா டெல் எஸ்தே நகரத்துல நடந்தது. கூடின நாடுகள் புகையிலைக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டோம்னு பிரகடனம் போட்டாங்க.

2016 ஜூலை 8ஆம் தேதி தீர்ப்பு வந்தது. உருகுவே ஜெயிச்சது. நாட்டோட செலவுக்காக 70 லட்சம் டாலர் கட்டச் சொல்லி கம்பெனிக்கு உத்தரவு. (உருகுவேக்கு ஆன செலவு 1 கோடியே 3 லட்சத்துக்கு மேல. ஜெயிச்சவனுக்கும் 33 லட்சம் துண்டு!)

வித்தியாசம் எங்கே?

ஒரு நாடு தோத்துச்சு, ஒரு நாடு ஜெயிச்சது. டாக்டர் ஜனாதிபதி, காசு, வக்கீல், அதிர்ஷ்டம் எல்லாம் காரணம்தான். ஆனா என் பார்வைல பெரிய காரணம் ஒண்ணு. உருகுவே கையில ஒரு காகிதம் இருந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்பு உடன்படிக்கை. 2003 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டு, 2005 பிப்ரவரில நடைமுறைக்கு வந்தது. இன்னிக்கு 183 தரப்புகள் அதுல இருக்கு.

அந்த உடன்படிக்கைக்கு போலீசும் கிடையாது, ஜெயிலும் கிடையாது. ஆனா வழக்குல அது கேடயமா நின்னுச்சு. எச்சரிக்கைப் படம் வேலை செய்யும்னு உருகுவே தனியா ஆராய்ச்சி பண்ணி நிரூபிக்கணுமான்னு கேள்வி வந்தப்போ, வேண்டியதில்லை, வசதி குறைஞ்ச நாடு உடன்படிக்கையோட ஆதாரத்தையே நம்பி முடிவெடுக்கலாம்ங்கற பக்கம் நடுவர்கள் நின்னாங்க. சமோவாவை நினைச்சுப் பாருங்க. அங்கே "ஆராய்ச்சி பண்ணிட்டு வா". இங்கே "அதான் ஏற்கனவே இருக்கே".

புகையிலைக்கு உடன்படிக்கை இருக்கு. சர்க்கரைக்கு, உப்புக்கு, கொழுப்புக்கு, சாராயத்துக்கு அப்படி ஒண்ணு இல்லை. தொற்றாத நோய்களுக்காக ஐ.நா.வுல 2011, 2014, 2018, 2025னு நாலு உயர்மட்டக் கூட்டம் நடந்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் அழகா ஒரு அறிக்கை தயாராகும். நம்ம தொழில் பாஷையில சொன்னா, அறிக்கைங்கறது கோட்ல கமெண்ட் எழுதற மாதிரி. படிச்சா நல்லா இருக்கும், கம்பைலர் கண்டுக்காது. வர்த்தக ஒப்பந்தம்தான் நிஜமா ஓடுற கோடு.

இதுல பெரிய கூத்து, ரெண்டையும் எழுதறது ஒரே நாடுதான். சுகாதார அமைச்சர் ஜெனீவாவுல கமெண்ட் எழுதுவார், வர்த்தக அமைச்சர் இன்னொரு ரூம்ல கோடு எழுதுவார். ஸ்விட்சர்லாந்தையே எடுத்துக்கோங்க. புகையிலை உடன்படிக்கையோட செயலகம் ஜெனீவாவுலதான் இருக்கு. 2004ல கையெழுத்து போட்ட அந்த நாடு இன்னும் அதை உறுதிப்படுத்தலை!

நாம மட்டும் ஒழுங்கான்னு கேட்டா... 2004லயே உடன்படிக்கையை உறுதிப்படுத்தினோம், 2016ல இருந்து பெட்டியில 85% எச்சரிக்கை. பாராட்டலாம். ஆனா ஐ.டி.சி.யோட பெரிய பங்குதாரர்கள்ல ஒண்ணு நம்ம எல்.ஐ.சி. புகைச்சா செத்துடுவேன்னு அரசாங்கம் படம் போடும், உயிருக்கு இன்சூரன்ஸ் விக்கிற அரசு நிறுவனம் சிகரெட் லாபத்துல பங்கு வாங்கும்.

சாப்பாட்டு விஷயத்துல? சிலி 2016லயே சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பாக்கெட் மேல கறுப்பு எண்கோண முத்திரை குத்த ஆரம்பிச்சிருச்சு. இங்கே 2022ல வந்த வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலா நட்சத்திர மதிப்பெண் குடுக்கலாம்னு சொன்னது. ரொம்ப மோசமான பாக்கெட்டுக்கும் அரை நட்சத்திரம் உண்டு. பரீட்சைல பேர் எழுதினதுக்கு மார்க் போடுற மாதிரி.

"கஞ்சி குடிக்கிறதுக்கும் ஐ.நா. ஒப்பந்தமாய்யா?"ன்னு நீங்க கேட்கலாம். கஞ்சிக்கு வேண்டாம். பொங்கலுக்கு எவ்வளவு நெய் ஊத்தணும்னு ஜெனீவால முடிவு பண்ணச் சொல்லலை. தன் ஜனத்தோட உடம்பைக் காப்பாத்த ஒரு நாடு சட்டம் போட்டா, அதுக்காக எவனும் அதைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பயம் காட்ட முடியாத அளவுக்கு ஒரு கேடயம் வேணும்னுதான் சொல்றேன். ஏன்னா வழக்குல ஜெயிக்கிறது கூட கம்பெனிகளுக்கு முக்கியமில்லை. வழக்கு நடந்தாலே போதும், பக்கத்து நாடு தயங்கும். வெத்துப் பெட்டிச் சட்ட மசோதாவை 2013ல கொண்டு வந்த நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மேல இருந்த வழக்கு முடியட்டும்னு காத்திருந்து 2016லதான் நிறைவேத்தினது. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

அதனால தனிமனித ஒழுக்கம் பேசுறவங்க பேசட்டும். நானும் ஒழுக்கமா நடந்துக்கறேன், காலைல ஓடறேன் (சரி, நடக்கறேன்). ஆனா என் வாயை நான் கட்டணும்னா, என் நாட்டோட கையை எவனும் கட்டிப் போடாம இருக்கணும். அடுத்த தடவை ஏதாவது ஒரு நாட்டோட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்னு பேப்பர்ல போட்டோ வந்தா, கை குலுக்குறவங்களைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. பொது சுகாதாரத்துக்கு விலக்கு இருக்கா, கம்பெனி நேரா அரசாங்கத்து மேல கேஸ் போட வழி இருக்கான்னு ரெண்டு கேள்வி கேளுங்க.

டிஸ்கி: இதை டைப் அடிச்சுக்கிட்டே அரை பாக்கெட் முறுக்கு காலி. அம்மாகிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க. மாற்றுக்கருத்து இருந்தா தாராளமா வந்து கும்முங்க.